வரிகளை யார் கேட்டார்கள்? ‘வல்லவன்’ தொகுப்பும் அதற்குக் கிடைத்த வரவேற்பும்

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி – நட்சத்திரா’ என்ற பெயரில் 2006இல் மலேசியாவிலிருந்து ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். வணிக முறையில் வெளிவந்த முதல் தமிழ்ச் சொல்லிசை (ராப்) தொகுப்பு என்று அதைத்தான் பெரும்பாலோர் குறிப்பிடுகிறார்கள். அதிலிருந்த ‘மடை திறந்து’ இசைத் தொலைக்காட்சிகள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, சொல்லிசை என்ற சொல்லையே கேட்டிராதவர்களும் முணுமுணுக்கும் பாட்டாயிற்று. இந்த இருபது ஆண்டுகளில் ‘வல்லவன்’ பாராட்டுக்குக் குறைவின்றி வாழ்ந்திருக்கிறது. பின்னால் வந்த இளைஞர்கள் யோகி பியை மூத்தவர் என்று மதிக்கிறார்கள். ‘முன்னோடி’ என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஆனால் முன்னோடி என்று சொல்லி மாலை போடுவது வேறு, செய்த வேலையை எடுத்துப் பார்ப்பது வேறு. அந்த மூவர் எழுதிய வரிகள் தமிழ் வரிகளாக எப்படி நிற்கின்றன, தாளத்துக்கும் தமிழ் ஓசைக்கும் இடையிலுள்ள இழுபறியை எப்படிச் சமாளித்தன என்ற கேள்வி இன்றுவரை ஓரத்திலேயே கிடக்கிறது. இது ஒரு தொகுப்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழில் வந்த சொல்லிசைக் குழுக்களின் முதல் தொகுப்புகள் எல்லாவற்றையும் நாம் மெட்டை வைத்தோ, கருத்தை வைத்தோ, சினிமா வாய்ப்பை வைத்தோ எடைபோட்டிருக்கிறோம். சொல்லை வைத்து எடைபோட்டதில்லை. சொல்லே உடலாக உள்ள ஒரு கலைக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தைத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை நடுவில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் எண் பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து செல்லும் வழியில் திருவானைக்காவல் வருகிறது. மரபுக் கதையின்படி காளமேகம் கவியானது அந்த ஊரில். ‘மடை திறந்து’ பாட்டின் மூலச் சொற்களை எழுதிய வாலி, திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். சொல்லிசை படைத்த மலேசியத் தமிழர்களின் முன்னோர் விஷயத்திலும் இந்த வட்டாரத்துக்குப் பங்குண்டு. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் சேலமும் வட ஆர்க்காடும் முதன்மையானவை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். ஆக, ஸ்ரீரங்கத்துக் கவிஞரின் சொல் சென்னையில் இளையராஜாவின் மெட்டில் ஏறி, மலேசியா போய்ச் சொல்லிசையாகி, திருச்சியின் தனியார் டவுன் பஸ்கள் ஓடும் தெருவுக்கே திரும்பி வந்தது. இப்படி ஒரு சுற்றை முடித்த பாட்டை ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று ஒதுக்கவும் முடியாது, ‘நம்ம பாட்டுதான்’ என்று எளிதாகச் சொந்தம் கொண்டாடவும் முடியாது.

முதலில் அந்த மூவர் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரிய வேண்டும். யோகி பி அதற்கு முன்பே ‘பொயட்டிக் அம்மோ’ என்ற மலேசியக் குழுவில் இருந்தவர். 1990களின் பிற்பகுதியில் அக்குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று பல மொழிகளில் பாடியது. பல இனங்கள் வாழும் நகரத்தில் ஒரு குழு எல்லோருக்கும் கேட்கும்படி பாடிப் பெயர் பெறுவது ஒரு சாதனை. அப்படிப் பெயர் பெற்றவர், முழுத்தொகுப்பையும் தமிழை மையமாக வைத்துச் செய்யத் துணிந்தது அதைவிடப் பெரிய முடிவு. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காடு; அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் நகரங்களின் விளிம்பில் குடியேறின. அக்குடும்பங்களின் இளைஞர்களது மனக்கொதிப்பு 2007 நவம்பரில் கோலாலம்பூர்த் தெருக்களில், இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் பேரணியாக வெளிப்பட்டது. ‘வல்லவன்’ அதற்கு ஓராண்டு முன்னால் வந்தது. தொகுப்பு அரசியல் அறிக்கை அன்று. ஆனால் ‘எங்களால் முடியும்’ என்று உரத்துச் சொல்லும் அதன் குரல் யாருக்குத் தேவைப்பட்டது என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள இயலாது. தமிழ்நாட்டு வரவேற்பில் இந்தப் பின்னணி முழுவதும் உதிர்ந்துவிட்டது. இங்கே வந்து சேர்ந்தது ஒரு ரீமிக்ஸ் பாட்டு மட்டுமே.

அந்த ரீமிக்ஸ்தான் முதல் ஆட்சேபத்துக்கும் இடம் கொடுத்தது. இளையராஜாவின் பல்லவியை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும் என்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. பிறர் மெட்டின் மேல் ஏறி நிற்பவர் தன் கால்வலிமையைக் காட்டியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் எடுத்தாள்வதே குற்றம் என்றால் இக்கலையின் பிறப்பே குற்றமாகிவிடும். 1979இல் வந்து உலகுக்குச் சொல்லிசையை அறிமுகப்படுத்திய ஷுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’, அதே ஆண்டு ‘ஷீக்’ குழு வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ பாட்டின் இசையடித்தளத்தின் மீது எழுந்தது. ஷீக் குழுவினர் வழக்குத் தொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகே அவர்கள் பெயர் படைப்பாளர் பட்டியலில் சேர்ந்தது. எடுப்பது மரபு, மூலப் படைப்பாளருக்கு உரியதைக் கொடுப்பது அறம் என்ற இரண்டும் அன்றே நிலைபெற்றன. நம் பக்கமும் இது புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைகளில் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருக்கும். கொலைச்சிந்தும் வெள்ளச்சிந்தும் தேசியப் பாட்டும் இப்படி ஊருக்குத் தெரிந்த மெட்டில் ஏறியே ஊரைச் சென்றடைந்தன. நாடகமேடைப் பாட்டும் அப்படித்தான். தெரிந்த மெட்டு புதிய சொல்லுக்கு வழி திறந்துவிடும். சொல் நன்றாக இருக்கிறதா என்பதை அதற்கப்புறம் பார்க்க வேண்டும். நாம் வழியைப் பற்றி வாதாடிக்கொண்டு, வந்தவரைப் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

பார்த்திருந்தால், எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்பதிலேயே ஒரு விமர்சன அறிவு இருப்பது தெரிந்திருக்கும். ‘மடை திறந்து’ 1980இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கிய இளைஞர்களின் கதை அது. வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இசைக்கலைஞன், தான் எழப்போவதைப் பற்றித் தனக்கே அறிவித்துக்கொள்ளும் பாட்டாக வாலி அதை எழுதினார். காட்சியில் இளையராஜாவே தோன்றுகிறார். அதாவது மூலப்பாட்டே ஒரு தற்புகழ்ச்சிப் பாட்டு. இன்னும் ஒன்றும் ஆகாத ஒருவன், ஆகிவிட்டவனைப் போலப் பேசும் பாட்டு. சொல்லிசையின் ஆதாரமான மனநிலையும் அதுவே. ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களிலிருந்து மூவரும் இதைப் பொறுக்கி எடுத்தது வெறும் ஜனரஞ்சகக் கணக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் கலையின் இயல்புக்கு ஒத்த இடம் தமிழ்த் திரைப்பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘நிழல்கள்’ படத்தில் அந்தக் கனவு நிறைவேறுவதில்லை. கதை இருளில் முடிகிறது. சொல்லிசை வடிவம் கனவை மட்டும் எடுத்துக்கொண்டு வீழ்ச்சியை விட்டுவிட்டது. மலேசிய இளைஞனின் தோல்வியையும் ஒரு சரணத்தில் வைத்திருந்தால் பாட்டின் கனம் கூடியிருக்கும்.

தற்புகழ்ச்சி என்றதும் இரண்டாவது ஆட்சேபம் எழுகிறது. ‘நான், நான்’ என்று மார்தட்டுவது தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது, நம்முடையது அவையடக்கம் பாடிய மரபு என்பார்கள். அவையடக்கம் உண்மைதான், கம்பனே அதைப் பாடினான். ஆனால் மரபு அதோடு நிற்கவில்லை. நன்னூல் பாயிரம் புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களை விதித்திருக்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதுசெய்து வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு உலகச் சொல்லிசையின் தற்பெருமைப் பாட்டுகளைக் கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் அடங்கிவிடும். தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் நிற்பதுதான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் இளைஞனுக்கும் கோலாலம்பூர்த் தமிழ் இளைஞனுக்கும் வாய்த்த நிலை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணம் இந்தப் பாட்டுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும், எப்போது தற்புகழ்ச்சி தகும், எப்போது வெறும் சத்தம் என்று பிரித்துப் பார்க்கும் அளவுகோல் நம்மிடம் தயாராக இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

காளமேகத்தைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும். ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தவர், திருவானைக்காவல் கோயில் தாசி மோகனாங்கியின் மேல் கொண்ட காதலால் சைவராகி, அகிலாண்டேசுவரியின் அருளால் கவி பாடத் தொடங்கினார் என்பது கதை. திருமலைராயன் அவையில் அதிமதுர கவியோடு மோதி, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேல் தொங்கும் உறியில் அமர்ந்து எமகண்டம் பாடினார் என்பது அடுத்த கதை. வரலாறாக இவற்றை நம்பவேண்டியதில்லை. ஆனால் இக்கதைகளைக் காலங்காலமாகச் சொல்லி மகிழ்ந்த சமூகம் எதை ரசித்தது என்பது தெளிவு: கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆசுகவித் திறன், அவையில் எதிராளியை மடக்கும் வீறு, வசை, ஒரே வரியில் இரண்டு பொருள் ஓடும் சிலேடை, ககர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்துப் பாட்டுக் கட்டும் நா விளையாட்டு. இவை ஒவ்வொன்றும் சொல்லிசையில் இன்றும் பந்தயப் பொருள்கள். தமிழில் சொல்லிசையை விமர்சிக்க வருபவர் கையில் முதலில் இருக்கவேண்டிய நூல் தனிப்பாடல் திரட்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடனே ஒரு கூட்டம் எழுந்து, ‘பார்த்தீர்களா, ராப் நம்மிடம் எப்போதோ இருந்தது, திருப்புகழே ராப்தான்’ என்று சொல்லும். சொல்லிசைக்கு ஆதரவாகச் சொல்வதால் இந்தக் கூற்று நல்லெண்ணம் போலத் தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. திருச்சிக்கு அருகே வயலூர் முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் வண்ணங்களில் சந்தக்குழிப்பு ஒன்று முதலிலேயே அமைந்துவிடுகிறது. பாட்டு முழுதும் அந்த அச்சை வழுவாமல் நிரப்புவதில்தான் அதன் அழகு. சொல்லிசையில் தாளம் ஒரு பக்கம் மாறாமல் ஓட, சொல் அதோடு ஒட்டியும் விலகியும் முந்தியும் பிந்தியும் போகும். ஒன்று அச்சுக்குள் நிறைவது, மற்றொன்று அச்சோடு விளையாடுவது. இரண்டும் அரியவை, இரண்டும் வேறு. அதைவிட முக்கியம், ‘எல்லாம் நம்மிடம் இருந்தது’ என்ற பேச்சு, 1970களில் பிராங்க்ஸில் இக்கலையை உருவாக்கிய கறுப்பின இளைஞர்களுக்கு நாம் பட்ட கடனை மறைத்துவிடுகிறது. காளமேகம் நமக்குக் கொடுப்பது உரிமைப் பத்திரம் அல்ல, கேட்கும் பயிற்சி.

அந்தப் பயிற்சியோடு வரிகளுக்குள் இறங்கினால் ‘வல்லவன்’ குழுவினர் எதிர்கொண்ட உண்மையான சிக்கல் தெரியவரும். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுத்தமாக ஒலிக்கும். அந்த அழுத்தம் தாளத்தின் அடியில் விழுமாறு வரி அமைப்பார்கள். தமிழ்ச் சொல்லுக்கு அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது. தமிழில் நேரமே ஓசை: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அதற்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆங்கில அழுத்தத்தை அப்படியே தமிழில் போட்டால் குறில் நீண்டு, நெடில் நசுங்கி, கேட்பவருக்கு அந்நியரின் உச்சரிப்பாகப் படும். அடுத்த சிக்கல் இயைபு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், எல்லா வரியும் ‘-றேன்’ என்றோ ‘-டா’ என்றோ முடிந்து இயைபு தானாக விழுந்துவிடும். ஆங்கிலத்தில் உழைத்துப் பெறும் ஈற்றொலி இங்கே உழைக்காமலே கிடைக்கிறது. எளிதாகக் கிடைப்பதால் சுவையற்றுப் போகிறது. தமிழ்ச் செய்யுள் எதுகை மோனைகளை வரியின் தலைப்பக்கம் வைத்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘மடை திறந்து’ பாட்டின் சொல்லிசைப் பகுதிகள் வெற்றிபெறும் இடங்களில் எல்லாம், தாளத்தின் முதலடியில் மோனை விழுகிறது. ட்ட, க்க, த்த என்ற வல்லின இரட்டிப்புகள் மத்தளச் சொற்கட்டு போல் தட்டுகின்றன. நெடில்கள் அடுத்த அடிவரை இழுபடுகின்றன. தடுமாறும் இடங்களில் பார்த்தால், ஆங்கிலச் சொல் ஒன்று வரியின் முடிவில் வந்து இயைபுக்கு முட்டுக் கொடுக்கிறது, அல்லது ‘டா’ என்ற விளி அந்த வேலையைச் செய்கிறது. முதல் முயற்சியில் இப்படித்தான் இருக்கும். ஆனால் எது வெற்றி, எது தடுமாற்றம் என்று அன்றே யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால், பின்னால் வந்தவர்களில் பலர் ‘டா’வை வைத்தே ஒரு தொகுப்பை ஓட்டியிருக்க மாட்டார்கள்.

கருத்தைத் தானே பார்க்க வேண்டும், யாப்பை ஏன் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவின் ‘மகிழ்ச்சி’ தொகுப்பில் கானாவும் சொல்லிசையும் ராக்கும் கலந்தன. சாதி ஒழிப்பைப் பாடினார்கள் என்று ஒருசாரார் கொண்டாடினார்கள், அதற்காகவே மறுசாரார் முகம் சுளித்தார்கள். கானாவின் நடையும் சொல்லிசையின் நடையும் ஒரே பாட்டில் எப்படி இணங்கின என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. சொல்லிசைக் கலைஞர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’ 2019இல் வந்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான். வெளிநாட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. 2005இல் வந்த, ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் முதல் தொகுப்பான ‘அருளர்’ மெர்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அதைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி அவருடைய தந்தையையும் ஈழப்போரையும் சுற்றியே நடந்தது. அமெரிக்காவின் என்.டபிள்யூ.ஏ சொல்லிசைக் குழுவின் 1988ஆம் ஆண்டுத் தொகுப்பு, மறு ஆண்டே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரின் கண்டனக் கடிதத்தைப் பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவாக ஏற்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. கருத்து முக்கியம். சாதிக்கு எதிரான பாட்டைச் சாதிக்கு எதிரான பாட்டாகவே கேட்க வேண்டும். ஆனால் கருத்துக்காக மட்டும் பாராட்டும்போது, ஒடுக்கப்பட்டவரின் கலையைக் கலையாக மதிக்காமல் சாட்சியமாக மட்டும் வைத்துக்கொள்கிறோம். அறிவின் ஆற்றல் அவர் எடுக்கும் நிலைப்பாட்டில் மட்டும் இல்லை. ஒப்பாரியின் இழுப்பையும் வசையின் வெட்டையும் ஒரே மூச்சில் வைக்கும் கைத்திறனிலும் இருக்கிறது. வரியைக் கேட்பவரால் கருத்தையும் கூர்மையாக விசாரிக்க முடியும். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் ‘கிளப்புல மப்புல’ 2011இல் பரவியபோது அதைப் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டு என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியே. அதன் வேகமும் எள்ளலும் வலிமையானவரை நோக்காமல் குடிக்கிற பெண்ணை நோக்கித் திரும்பியதுதான் அதன் சீரழிவு. வசைகவியின் வீரம், தன்னைவிடப் பெரியவனை எதிர்க்கும்போதுதான் வீரம்.

மூன்றாவது எடைக்கல் சினிமா. தமிழ்நாட்டில் பாட்டு என்றால் திரைப்பாட்டு. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சொல்லிசையை ஊரறியச் செய்ததும் சினிமா வழியேதான். அங்கே அது வேடிக்கையாக வந்து போனது. ‘வல்லவன்’ வெளிவந்த மறு ஆண்டு யோகி பியைத் தமிழ் சினிமா அழைத்தது. எதற்கு? ‘பொல்லாதவன்’ படத்தில் எம்.எஸ். விஸ்வநாதனின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டை ரீமிக்ஸ் செய்வதற்கு. ஒரு முழுத்தொகுப்பிலிருந்து திரையுலகம் கற்றுக்கொண்டது, பழைய பாட்டுக்கு நடுவே இவரைப் பேசவிட்டால் எடுபடும் என்பதை மட்டுமே. பிறகு ‘ஆடுகளம்’, ‘விவேகம்’, ‘காலா’ என்று பெரிய படங்களில் அவர் குரல் ஒலித்தது. அந்தப் பாட்டுகளில் நல்லவை உண்டு; குறிப்பாகக் ‘காலா’வில் அவருடைய முதிர்ந்த குரலுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. சினிமாவுக்குப் போனது வளர்ச்சிதானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். கலைஞருக்கு வருமானமும் கேட்பவர் கூட்டமும் வேண்டும்; அதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. குறை விமர்சனத்தில் இருக்கிறது. சினிமாவில் இடம் கிடைத்ததையே முதல் தொகுப்பின் வெற்றிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதால், கிடைக்காத குழுக்களின் தொகுப்புகள் தோற்றவையாகக் கணக்கில் ஏறின. நாயகன் நுழையும் காட்சிக்கு முப்பது விநாடி முழக்கம் எழுதுவதும், பத்துப் பாட்டுகளுக்கு ஒரு குரலைக் கட்டி நிறுத்துவதும் ஒரே வேலை இல்லை.

சொல் எழுதியவரைக் காணாமல் போக விடும் இந்தப் பழக்கம் 2021இல் எல்லோர் கண்ணிலும் பட்டது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் கேட்கப்பட்ட பிறகு, ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் தன் ஆகஸ்ட் அட்டையில் பாடகி தீயையும் சொல்லிசைக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வைத்தது. அந்தப் பாட்டின் சொற்களை எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கண்டித்த பின்னரே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. அந்தச் சர்ச்சையில் சாதியின் பங்கு பேசப்பட்டது, பேசப்படவும் வேண்டும். அதோடு சேர்த்து, பாட்டில் சொல்லுக்கு என்ன இடம் என்பதையும் அது அம்பலப்படுத்தியது. ‘மடை திறந்து’ பாட்டுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2006 வடிவத்தைப் பேசுகிறவர்கள் இளையராஜாவைச் சொல்கிறார்கள், யோகி பியைச் சொல்கிறார்கள். வாலியைச் சொல்பவர் அரிது. சொல்லிசைப் பகுதிகளில் எந்த வரி டாக்டர் பர்னுடையது, எது எம்சி ஜெஸ்ஸுடையது, மூவரின் நடைகளும் எங்கே வேறுபடுகின்றன என்று பிரித்து எழுதியவர்களைக் காண்பது அதைவிட அரிது. குழுவாகச் செய்த ஒரு தொகுப்பை ஒருவர் பெயரால் மட்டும் நினைவில் வைப்பதும் வரியைக் கேளாமையின் இன்னொரு விளைவே.

‘வல்லவன்’ குறையில்லாத தொகுப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டின் புகழ் மற்றவற்றை விழுங்கிவிட்டதற்கு வரவேற்பு மட்டும் காரணமல்ல. வேறெந்தப் பாட்டும் அதன் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு எழவில்லை என்பதும் காரணம். தற்புகழ்ச்சியும் தன்னம்பிக்கை அறிவுரையும் மாறி மாறி வருகையில், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த வாழ்க்கையின் தெருப்பெயரும் வாடகையும் வேலையும் போதுமான அளவு உள்ளே வரவில்லை. ஆனால் மலேசியத் தமிழின் உச்சரிப்பை மறைக்காமல், சென்னைத் தமிழைப் போலிசெய்யாமல், தாளத்துக்குள் தமிழை அதன் சொந்த மாத்திரையோடு நிறுத்த முயன்ற முதல் தொகுப்பு அது. சத்திரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்கள் சீர் பிரித்து அலகிடக் கற்கிறார்கள். வெண்பாவுக்குச் செய்வதை ‘வல்லவன்’ தொகுப்பின் வரிகளுக்கும் ‘தெருக்குரல்’ வரிகளுக்கும் செய்து, எங்கே தளை தட்டுகிறது, எங்கே தட்டுவதே அழகாகிறது என்று அவர்கள் எழுதத் தொடங்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை.